ஐந்நூறில் நூற்று எண்பத்தேழு போக

செல்லம்பட்டி வட்டார வள மையம்.
இரண்டாம் நாள் பயிற்சி.
மூன்று மின்விசிறியில் ஒன்று சுற்றுகிறது.
வருகைப் பதிவேட்டில் ஒப்பமிட்டுவிட்டு
வடையைத் தாளில் ஒற்றி எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்தோம்,
நாற்பது பேர்.
கருத்தாளருக்கு என் மகன் வயதுதான்.
திரையில் புதுப் புத்தகத்தின் பக்கத்தை விரித்து
"கழித்தலுக்கு இன்னொரு வழி" என்றார்.

500 − 187.

நூற்று எண்பத்தேழோடு பதின்மூன்று, இருநூறு.
இருநூறிலிருந்து ஐந்நூறுக்கு முந்நூறு.
ஆக முந்நூற்றுப் பதின்மூன்று.
கடன் வாங்க வேண்டாம், அடித்துத் திருத்த வேண்டாம்.
"எவ்வளவு அழகு பாருங்க டீச்சர்."

வடை கையிலேயே இருந்தது.
இந்த அழகை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.
பார்த்து,
சிவப்பு மையால் குறுக்கே கிழித்திருக்கிறேன்.

தொண்ணூற்றாறு. நாலாம் வகுப்பு.
வேலைக்கு வந்து எனக்கு இரண்டாம் வருஷம்.
கழித்தல் என்றால் அப்போது ஒரு தெரு.
ஒன்றுகள் வீட்டில் இல்லையா,
பத்துகள் வீட்டில் போய்க் கேள்.
அங்கேயும் பூஜ்ஜியம்தான் உட்கார்ந்திருக்கிறதா,
நூறுகள் வீட்டுக் கதவைத் தட்டு.
ஐந்து நாலாகும், நடுப் பூஜ்ஜியம் ஒன்பதாகும்,
கடைசிப் பூஜ்ஜியம் பத்தாகும்.
ஏன் ஆகிறது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.
நானும் சொல்லவில்லை.

"வாங்குன கடன எப்ப டீச்சர் திருப்பிக் குடுக்கணும்?"

கேட்டவள் ஒச்சம்மாள்.
வகுப்பே சிரித்தது.
சாயங்காலமானால் உசிலம்பட்டிப் பூச்சந்தை வாசலில்
அவள் அம்மா முழம் போட, இவள் சில்லறை கொடுப்பாள்.
பரீட்சைத் தாளில் விடை மட்டும் இருந்தது.
313.
"படி எங்கே?"
"மனசுல டீச்சர்."
"யாரப் பாத்து எழுதின?"
"நூத்தியெம்பத்தேழுக்குப் பதிமூணு போட்டா எரநூறு..."
அவளை முடிக்க விடவில்லை.
பூவரசங்குச்சி.
வாழைநார்க் கறை ஏறிய உள்ளங்கை.
நாலு.

பிறகு என்னென்னவோ வந்தது.
குச்சி போனது, சுற்றறிக்கை வந்து.
பெஞ்சு போய்ப் பாய் வந்தது, பாயோடு அட்டைகள்,
சுவரில் ஓர் ஏணி.
யானைப் படத்தில் நிற்கும் பிள்ளையை
மயில் படத்துக்கு நகர்த்துவதுதான் பாடம் என்றார்கள்.
நகர்த்தினேன்.
அட்டைகளை எலி தின்றது. ஏணியின் மேல்
வெள்ளையடித்தோம்.
பாட்டாகப் படித்த வாய்ப்பாட்டைப் புள்ளி வைத்து அடுக்கச் சொன்னார்கள்.
புத்தகத்தின் ஓரத்தில் கருப்புக் கட்டம் முளைத்தது,
போனைக் காட்டினால் உள்ளேயிருந்து யாரோ பாடம் நடத்துகிறார்.
கடன் என்ற சொல்லே போய்விட்டது.
இப்போது இனமாற்றம்.
எல்லாவற்றையும் நடத்தினேன்,
ஒவ்வொன்றும்தான் கடைசி வழி என்பதுபோல.

அவள் ஆறாம் வகுப்புக்குப் போகவில்லை என்று கேள்வி.
வீட்டில் கஷ்டம், பெண்பிள்ளை, பள்ளிக்கூடம் தூரம்.
அந்தக் கூட்டலில் என் பங்கு எவ்வளவு வரும்?
எந்தப் பயிற்சியிலும் அதற்குப் பக்கம் இல்லை.

"சந்தேகம் ஏதும் இருக்கா?"
கை தூக்கினேன்.
"இத யார் தம்பி கண்டுபிடிச்சது?"
கையேட்டைப் புரட்டினார்.
முன்புறம் பார்த்தார், பின்னட்டை பார்த்தார்.
"வல்லுநர் குழுன்னு போட்டிருக்கு டீச்சர்."

திரும்பும்போது சந்தை வாசலில் இறங்கினேன்.
தேடவில்லை, பூ வாங்கத்தான்.
தட்டுக்குப் பின்னால் யாரோ ஒரு பெண், எனக்குத் தெரியாதவள்.
அறுபது ரூபாய்ப் பூ, நூறு ரூபாய்த் தாள்.
என் கையில் ஒவ்வொன்றாக வைத்தாள்:
எழுபது, எண்பது, நூறு.
இந்தத் தெருவில் எல்லாரும் இப்படித்தான் கொடுக்கிறார்கள்.
இத்தனை வருஷமாக நானும்
எண்ணிப் பார்த்து வாங்கிப் பையில் போட்டிருக்கிறேன்.

அடுத்த பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது.
தொண்ணூற்றாறிலிருந்து இரண்டாயிரத்துக்கு நாலு.
அங்கேயிருந்து இருபத்துமூன்று.
இருபத்தேழு.

மனசில்தான் போட்டேன்.