தண்ணீரில் கலந்த தண்ணீர்

லேரிலிருந்து வூர்ட்ஸ்புர்க் வரை
ஐந்நூறு சொச்சம் கிலோமீட்டர்.
டிக்கியில் இரண்டு கேன், இருபது இருபது லிட்டர்,
அம்மா வீட்டுக் குழாய்த் தண்ணீர்.
ஒருமுறை ஓரங்கட்டச் சொன்ன போலீஸ்காரர் கேட்டார்:
"உள்ளே என்ன?"
"தண்ணீர்."
"வெறும் தண்ணீரா?"
மூடியைத் திறந்து மோந்துகூடப் பார்த்தார்.
வெறும் தண்ணீர் என்பது
எவ்வளவு பெரிய சொல் என்று
நெடுஞ்சாலை ஓரத்தில் நின்று
எப்படி விளக்குவது?

இந்த ஊர்த் தண்ணீர் சோப்புக்கு மசியாது.
தலைக்கு ஊற்றினால் முடி வைக்கோல்.
துவைத்துக் காய்ந்த துண்டு
தானாகவே நிற்கும், முறைத்துக்கொண்டு.
ஷவரில் பாதித் துளை அடைத்து
மீதித் துளை பக்கச் சுவரைக் குளிப்பாட்டும்.
எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள்.
இங்கே நீர் ஊரக் கல் வளர்கிறது
கெட்டிலின் வயிற்றுக்குள்.

பர்க்கார்டு இந்த மண்ணுக்காரன்.
"ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்தது, தோம்மா.
அதன் சிப்பிகள்தான் இந்தப் பாறை.
பாறைக்குள் புகுந்துதான் நம் குழாய்க்கு வருகிறது.
கடலைக் குடிக்கிறோம். கசக்கிறதா என்ன?"

கசக்கவில்லை.
தேநீரைத்தான் கொன்றுவிடுகிறது.

எங்கள் பக்கத்தில் தேநீர் விளையாட்டில்லை.
கோப்பையில் முதலில் கற்கண்டு.
மேலே கொதிக்கக் கொதிக்கச் சாயம்.
கற்கண்டு விரிசல்விடும் சத்தத்துக்காக
எல்லோரும் ஒரு கணம் பேச்சை நிறுத்துவார்கள்.
பிறகு ஓரமாக ஒரு கரண்டி பாலேடு.
அது அடிவரை போய் மேகமாக எழும்பி வரும்.
கலக்கக் கூடாது. கலக்குகிறவர்கள் வெளியூர்க்காரர்கள்.

இங்கேயோ மேகம் எழும் முன்பே
ஆடை படர்ந்துவிடுகிறது,
சாம்பல் நிறத்தில், பிசுக்காக.
கோப்பையைச் சாய்த்தால்
உடைந்த கண்ணாடிபோல் விலகும்.

ஆகவே கேன்.
ஆகவே ஆண்டுக்கு நான்கு பயணம்.
நிலவறை இருட்டில், மூடிமேல் தேதி எழுதி,
நாளைக்கு ஒரு குடுவை.

மார்ச். பனி விடாத ஒரு சனிக்கிழமை.
கேனைச் சாய்த்தேன், கொதித்தது,
கற்கண்டு விரிசல்விட்டது,
பேச்சை நிறுத்த நான் ஒருத்திதான் இருந்தேன்.
பாலேட்டை விட்டேன்.

ஆடை.

மெல்லியது. இருக்கிறதா இல்லையா என்பதுபோல.
ஜன்னலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் சாய்த்தேன்.
ஆடைதான்.

பாலில் தண்ணீர் கலந்தால் யாரும் சொல்லிவிடுவார்கள்.
தண்ணீரில் தண்ணீர் கலந்தால்?
எங்கள் ஊர்த் தேவாலய உச்சியில் சேவல் கிடையாது,
தகர அன்னம் ஒன்று காற்றில் சுழலும்.
அன்று காலை அது நான்.

"பர்க்கார்டு."

கழுத்தைச் சொறிந்தான். ஜன்னலைப் பார்த்தான்.
அங்கே அவனுடைய ஆர்க்கிட்கள், பதினோரு தொட்டி.
மூன்று வருடமாக இலையை மட்டும் காட்டியவை
இந்தக் குளிரில் ஒன்றுவிடாமல் பூத்திருந்தன,
வெள்ளை, ஊதா, புலிப்புள்ளி.
நான்தான் கைராசி என்றேன்.
நான்தான் வந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன்.

"சுண்ணாம்பு ஆகாது அதுகளுக்கு" என்றான்.
"வாரம் ஒரு குவளைதான்.
குறைந்தது தெரியாமலிருக்கக் குழாயிலிருந்து..."
"எப்போதிருந்து?"
"நவம்பர்."

நவம்பரிலிருந்து
பாதி இந்த ஊர் பாதி அந்த ஊராகக்
குடித்திருக்கிறேன்,
ஆகா, என்று கண்ணை மூடி.
கோபத்தில் பாதியை அவன்மேல் கொட்டினேன்.
மீதிப் பாதி என் நாக்கின்மேல்.
அதை எங்கே கொட்ட?

கெட்டிலில் வினிகரை ஊற்றினேன்.
அடியிலிருந்து அந்தப் பழைய கடல்
சீறிக்கொண்டு நுரைத்தது.
இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம்.
வீடு முழுக்க ஊறுகாய் வாடை.

ஈஸ்டருக்குப் போய் மூன்று கேனாகக் கொண்டுவந்தேன்.
மேட்டில் கார் முனகியது.
மூன்றாவதில் அவன் பெயரை எழுதி ஒட்டினேன்.

நேற்று அவன் வேலைக்குப் போன பிறகு
அதிலிருந்து இரண்டு குவளை எடுத்துத்
தலை அலசினேன். பட்டு.
குழாயைத் திறந்து அளவைச் சரிசெய்து
மூடியைப் பழைய கோணத்தில் வைத்தேன்.

கண்டுபிடிக்கட்டும்
அவனுடைய ஆர்க்கிட்கள்.