அறுபதில் ஒரு சத்தம்

காற்றென்றுதான் நினைத்திருந்தேன்.
ஆனி, ஆடி, ஆவணி முழுக்க
முப்பந்தல் கடக்கும்போதெல்லாம்
பொலேரோவின் பின்பக்கம்
ஐம்பதில் தொடங்கி
அறுபதில் தெளிந்து
எழுபதில் கரையும் ஓர் ஊளை.
சுற்றிலும் காற்றாலைகள்.
சந்தேகப்பட வேறென்ன இருக்கிறது?
பணகுடி ரோஜாவையும் தோவாளைப் பிச்சியையும்
ஈரச்சாக்கால் மூடிக்கொண்டு
விடியுமுன் சாலைச் சந்தையில் நிற்க வேண்டியவள்
சத்தங்களை விசாரிப்பதில்லை.

புரட்டாசியில் காற்று நின்றது.
இறக்கைகள் வானத்தில் பாதியில் நின்றன.
ஆரல்வாய்மொழிப் பனையோலை அசையவில்லை.
ஊளை மட்டும் கூடவே வந்தது,
ஆக்சிலேட்டரை விட்டால் தணிந்து
மிதித்தால் எழுந்து,
வெள்ளமடம், வடசேரி, தக்கலை தாண்டியும்.

அழகியமண்டபத்தில் ரசல்ராஜ்
பூச்சாக்குகளுக்கு நடுவே படுத்துக் காதைத் தரையில் வைத்து
'ஓட்டுங்க' என்றார்.
இரண்டு கிலோமீட்டர்.
எழுந்தபோது கன்னத்தில் ஒரு ரோஜா இதழ்.
'காத்து இல்ல, கேட்டியளா.
கிரவுனும் பினியனும் கடிச்சுக்கிடுது.'

ஷிபின் சாவியோடு அடியில் நுழைந்தான்.
'லேய், மொதல்ல ஊத்துற நட்ட இளக்கு.
அது இளகாம வடிச்சியோ,
வண்டி இங்கயே கெடக்கும்.'
பிறகு வடிகால் நட்டு.

கறுப்பாக வர வேண்டியது
பால் கூடின சாயா நிறத்தில் வந்தது.
அழுகல் முட்டை நாற்றம்.
எனக்குப் பழகிய நாற்றம்தான்;
இத்தனை நாள் பூவைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.
நட்டின் காந்த நுனியில்
இரும்புத்தூள் மயிர்போலச் சிலிர்த்து நின்றது.

'வெள்ளத்துல எறக்கினியளா?'
'இல்ல.'
ரசல்ராஜ் எதுவும் சொல்லவில்லை.
ஹவுசிங்கின் மேல்
சுண்டுவிரல் அளவில் ஒரு மூச்சுக்குழல்.
குளவி மண் வைத்து அடைத்திருந்தது.
ஓடிச் சூடான இரும்பு
தண்ணீரில் இறங்கினால் உள்காற்று சுருங்கும்;
மூச்சுவிட வழியில்லாதபோது
சீல் இடுக்கால் தண்ணீரைக் குடிக்கும்.

வைகாசியில் குழித்துறை ஆறு ரோட்டில் ஏறிய அன்று
வண்டி என் தம்பி தாணுவிடம் இருந்தது.
பாறசாலையில் ஓரங்கட்டிவிட்டு
நாள் முழுக்கச் சும்மா இருந்தேன் என்றான்.

பழைய செய்தித்தாளில் பற்சக்கரங்களைப் பரப்பினார்கள்.
கிரவுனின் பற்களில் பாதி
எலி கொறித்த தேங்காய்போல.
நடுவே கைக்குள் அடங்கும் குட்டிச் சக்கரங்கள்.
வளைவில் வெளிச்சக்கரம் கூட ஓட
உட்சக்கரம் குறைய ஓட
இரண்டுக்கும் கணக்குத் தீர்ப்பவை இவைதானாம்.
'ஆனா ஒண்ணு, அக்கா.
ஒரு சக்கரம் சேத்துல பொதஞ்சா
ஓட்டம் முழுக்க அதுக்கே போவும்.
கெட்டித் தரையில நிக்கது
சும்மா நிக்கும்.'
எனக்குச் சிரிப்பு வந்தது.
எங்கள் வீட்டில் சொத்து பிரித்த விதத்தை
இவரிடம் யார் சொன்னது?

தாணுவுக்குப் போன் செய்தேன்.
'எவ்வளவு ஆழம்?'
எந்தத் தண்ணீர் என்று அவன் கேட்கவில்லை.
'பம்பர் வரைக்கும்.'
'எவ்வளவு தூரம்?'
'பாலம் வரை.
பூ அழுகிருமேன்னு...'
பூ எனக்கும்தான் அழுகும்.
அதைச் சொல்லாமல் வைத்தேன்.

நான்கு நாள்.
புது கிரவுன், பினியன், பேரிங், சீல்,
தொண்ணூறாம் நம்பர் ஆயில்.
மூச்சுக்குழலுக்கு ஒரு ரப்பர் குழாய் மாட்டி
உயரத்தில் கட்டிவிட்டான் ஷிபின்.
'ஐநூறு கிலோமீட்டர்ல ஆயில மாத்தணும்.
புதுப்பல்லு பழகும்போ தூள் விடும்.'

பில் இருபத்திரண்டாயிரம்.
வண்டி பாதிக்குப் பாதி;
பில்லைப் படமெடுத்து அனுப்பினேன்.
மாலையில் தாணுவிடமிருந்து
பதினோராயிரத்து ஒன்று வந்தது.
மொய் எழுதுவதுபோல அந்த ஒரு ரூபாய்.
மன்னிப்பா, கேலியா,
விரல் தவறியதா தெரியவில்லை.

இன்று மூன்று மணிக்கு முப்பந்தல்.
ஐம்பது. அறுபது.
பின்னால்
சாக்கு நனைந்து சொட்டும் ஒலி
முதன்முறையாகக் கேட்கிறது.
அறுபத்தைந்தில்
இன்னொன்றும் கேட்பதுபோல் இருக்கிறது.
கண்ணாடியை இறக்கிப் பார்க்கிறேன்.
காற்று இல்லை.