அட்டையில் எழுதிய பெயர்

நான் வேன் ஓட்டுபவன்.
புடாபெஸ்ட் விமான நிலையத்து வாசலில்
பெயர் எழுதிய அட்டையோடு நிற்பதும் என் வேலைதான்.
இதுவரை முப்பத்தொரு அமெரிக்கப் பெண்களை
எங்கள் ஊருக்கு ஏற்றி வந்திருக்கிறேன்.
பாதிப் பேரைக் கிறிஸ்துமஸுக்கு முன்பே
அதே வாசலில் கொண்டுபோய் விட்டிருக்கிறேன்.
முழங்கால். இல்லாவிட்டால் தனிமை.
இல்லாவிட்டால் ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தில்
யாரும் படிக்காத ஒரு வரி.

கியோனா ஹாஸ்கின்ஸ், ஒஹாயோ.
ஆறடி ஒரு அங்குலம். இரண்டு பெட்டி, ஒரு தலையணை.
வீட்டிலிருந்து தலையணை கொண்டுவந்தவள்
முப்பத்தொருவரில் அவள் ஒருத்திதான்.
கல்லூரியில் இரண்டாயிரத்து நானூற்றுப் பதினொரு புள்ளிகள் என்று
ஏஜென்ட் அனுப்பிய தாளில் இருந்தது.

"அரங்கம் எவ்வளவு பெரிது?"
"எண்ணூறு நாற்காலி."
வெகுநேரம் வெளியே பார்த்தாள்.
செப்டம்பர். சூரியகாந்திகள் கறுத்துத்
தலை கவிழ்ந்து அறுவடைக்கு நின்றன.
"எங்கள் பயிற்சியைப் பார்க்கவே
அதைவிடக் கூட்டம் வரும்."
திமிராகச் சொல்லவில்லை,
கணக்குச் சொன்னாள்.

எங்கள் நாட்டில் குடும்பப் பெயர் முதலில் வரும்.
எஸ் என்ற எழுத்தை ஷ் என்போம்.
முதல் ஆட்டத்தில் ஒலிபெருக்கி பிடித்தவர்
பூகோள ஆசிரியர் ஜோல்ட்:
"ஹாஷ்கின்ஷ்ஷ் கியோனா!"
அவள் பெஞ்சில் கைதட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்,
யாரோ ஒருத்தியை வரவேற்பதுபோல.
"அது நீதான்" என்று
டோர்கா முழங்கையால் இடித்தாள்.

அன்று முப்பத்து நான்கு புள்ளி.
சிறந்த ஆட்டக்காரிக்கு, கசாப்புக்கடை ஷான்டோரின் அன்பளிப்பு,
புகையிட்ட பன்றி சாசேஜ் ஒரு கூடை.
அவள் பன்றி தின்னமாட்டாள்.
கூடை என் மடிக்கு வந்தது.
அந்தக் குளிர்காலம் முழுக்க
அவள் பந்து போட்டாள், என் பிள்ளைகள் கொழுத்தார்கள்.

மூன்றாம் வருடம் சம்பளம் இரண்டு மாதம் வரவில்லை.
துருக்கிக்குப் போனாள்; அங்கே
கிளப்பே ஒரு வெள்ளிக்கிழமை காணாமல் போனது,
பூட்டிய கதவும் உள்ளே அவள் ஷூக்களும் மிச்சம்.
பிறகு போலந்து, இரண்டு சீசன்.
பிறகு எங்களிடமே திரும்பி வந்தாள்.
கதவில் பன்றிமுகம் வரைந்த ஷான்டோரின் சுஸுகியை
கியர் மாற்றி ஓட்டக் கற்றுக்கொண்டாள்,
காய்கறிக்காரியிடம் தக்காளிக்குப் பேரம் பேசவும்.

போன கோடையில்
அவள் கல்லூரி அவளைக் கூப்பிட்டது.
இருபத்திரண்டாம் எண்ணைக் கூரையில் ஏற்றித் தொங்கவிடும் விழா.
திரும்பி வந்தபோது வேனில் சொன்னாள்,
ஏதோ தவறை ஒப்புக்கொள்வதுபோல:
"பெயரைச் சொன்னார்கள். சரியாக, அழகாக.
நான் எழவில்லை.
அம்மா தொடையில் தட்ட வேண்டியிருந்தது."
அதற்கு என்ன பதில் சொல்வது?
பெட்ரோல் போட நிறுத்தினேன்.

இப்போது ஆட்டத்துக்குப் பதினோரு நிமிடம் இறங்குகிறாள்.
முழங்காலுக்கு ஐஸ் பை,
எனக்குப் பக்கத்து இருக்கை.
பின்னால் நெப்ராஸ்காவிலிருந்து வந்த புதுப்பெண்,
இருபத்திரண்டு வயது, காதில் ஹெட்போன்.
நேற்றைய கூடை அவளுக்கு.
வேன் நகர்வதற்குள் பிரித்துவிட்டாள்.
ஷான்டோரின் பூண்டும் மிளகாய்த்தூளும்
கூரைவரை மணத்தது.
"அய்யோ, பிரமாதம்! உனக்கு வேண்டுமா?"

கியோனா கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கினாள்.
ஜனவரி உள்ளே வந்தது.
நான் திரும்பிப் பார்க்கவில்லை.
ஹீட்டரை
இரண்டு புள்ளி கூட்டினேன்.