ஈடு

ஹம்சா வந்ததும் முதலில் தட்டிப் பார்த்தது
அலமாரியை அல்ல, சுவரை.
"சாய்ஞ்சு நின்னே பழகின மரம் சேச்சி,
எடுத்தா வளைவு தெரியும்."
விலையைக் குறைக்க இப்படியும் ஒரு வழி.

கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் கத்திரிக்காய் வாங்கி வளர்ந்தவள் நான்.
ஈட்டி அலமாரி இருபத்து நாலாயிரத்தில் நின்றது.
சாய்வு நாற்காலி, கை உடைந்த பாவத்துக்கு மூன்று.
ஆட்டுக்கல்லை இனாமாகக்கூட வேண்டாம் என்றான்.

சிங்காநல்லூரில் மூன்றாம் மாடி.
லிஃப்டில் நாலு பேர் மூச்சைப் பிடித்து நிற்கலாம்.
எதைக் கொண்டுபோக?
பழைய பேப்பர், பித்தளை மூடி, மாமனாரின் நீள நோட்டுகள்
காலையிலேயே ஆக்கிரிக்கடைக்குப் போயாச்சு,
கிலோ பதினாலுக்கு.

மச்சில் ராட்டைகள் இருப்பது தெரியும்.
எத்தனை என்று இன்றுதான் எண்ணினேன்.
பதினேழு.
பெட்டி ராட்டை ஆறு, மற்றதெல்லாம் பெரிய சக்கரம்.
"மாமனார் கதர் போர்டோ?" என்றான் ஹம்சா.
ஊர் அப்படித்தான் நினைத்தது.
கதர்ச் சட்டை போட்டவர்தான்.

ஆனால் ஒவ்வொன்றிலும்
நூல் இருக்கவேண்டிய இடத்தில்
ஒரு துண்டு அட்டை தொங்கியது.

வண்ணாமடை மாரக்காள். 11. பன்னிரண்டு ரூபாய்.
எருத்தேம்பதி வேசு. 29. ஒன்பது ரூபாய், பிள்ளைக்குக் காய்ச்சல்.
பெயர் இல்லாத ஒன்று. 34. கைநாட்டு மட்டும்,
மை ஒழுகி
விரல் ஓடிப்போனதுபோல.

நூற்றால்தான் கூலி.
ராட்டையை அடகு வைத்தவள்
எதை நூற்று ராட்டையை மீட்பாள்?
எனக்கே புரிகிற கணக்கு.
வட்டிக்கு வட்டி போட்டவருக்குப் புரியாமல் இருந்திருக்காது.

அட்டைகளைப் பிய்க்க ஆரம்பித்தேன்.
"அய்யோ சேச்சி, சீட்டைத் தொடாதே!
குமரகத்தில ஒரு ரிசார்ட்டுக்காரன் கேட்டிருக்கான்.
பேரோட இருந்தா
ஒண்ணுக்கு ஆயிரம் கூட."

வேசுவுக்கு ஒன்பது.
வேசுவின் பெயருக்கு ஆயிரம்.

பிய்த்த இரண்டையும் திரும்பக் கட்டிக் கொடுத்தேன்.
பொய் சொல்லப் போவதில்லை,
முடிச்சு நன்றாகவே விழுந்தது.

டெம்போவில் ஏற்றினார்கள்.
வாளையாறு இடுக்கில் நுழைந்து வரும் காற்றுக்கு
ஆளும் பொருளும் ஒன்றுதான்.
பெரிய சக்கரங்கள் பதினொன்றும்
வண்டியில் நின்றபடியே சுற்றத் தொடங்கின,
சில முன்னால், சில பின்னால்,
பஞ்சில்லாமல், கூலியில்லாமல்.

கடைசியில் கட்டில்.
என் கல்யாணக் கட்டில்.
வாசலில் நுழையாமல் கால்களைக் கழற்றிக் கவிழ்த்தபோது
அடிச்சட்டத்தில் சிவப்புப் பெயிண்ட்.
63.
அதே கை. மூன்றின் வாலை மேலே சுழிக்கிற கை.

இருபத்தொன்பது வருஷம்.
இரண்டு பிள்ளைகள்.
மூன்றாவது, தங்காதது.
காய்ச்சல், சண்டை, சண்டைக்குப் பிந்திய சமாதானம்,
எல்லாம் அறுபத்து மூன்றின் மேல்.

"இதுக்கும் சீட்டுண்டோ?" என்றான் ஹம்சா, ஆசையாக.

ஓடினேன்.
ஆக்கிரிக்கடைப் பையன் தராசில் உட்கார்ந்து
பொறை தின்றுகொண்டிருந்தான்.
"நோட்டா? கட்டு கட்டிப் பொள்ளாச்சி லாரியில ஏத்தியாச்சே அக்கா.
வேணும்னா இது இருக்கு" என்று
என் மகனின் பத்தாம் வகுப்புக் கணக்கு கைடை நீட்டினான்.

திரும்பி வந்து கட்டிலை இறக்கச் சொன்னேன்.
கயிறு கட்டியாச்சு என்று முனகினார்கள்.
ஹம்சா பணத்தில் ஒன்பதாயிரத்தைத் திருப்பி எண்ணினான்.
பிறகு ஏனோ என்னைப் பார்க்காமல்
ஒரு காலைத் தானே தூக்கிவந்து
சுவரில் சாய்த்து வைத்தான்.

இரவு, வெறும் தரையில் பாய்.
வேலந்தாவளம் செக்போஸ்டில் லாரிகள் கத்துகின்றன.
போனில் அவர்:
"எல்லாம் வித்தாச்சா?"
"அறுபத்து மூணு பாக்கி" என்றேன்.
"ரூபாயா, ஆயிரமா?" என்றார்.