கொதிக்காத சூடு

நெருப்பூர் தாண்டி ஏமனூர் போகிற பாதையில்
விடுதி கட்டியவர்களுக்குத் தேவைப்பட்டது தண்ணீர்தான்.
திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்து நின்றது.
ஜார்க்கண்ட் பையன்கள் மூன்று இரவு தூங்கவில்லை.
ஆயிரத்து நானூற்று இருபது அடியில்
பீறிட்டதைத் தொட்டவன் கையை உதறினான்.

அறுபத்தெட்டு டிகிரி.
இந்தப் பாறையில், இந்த ஆழத்தில்
கணக்குப்படி இருக்கக்கூடாத சூடு.
முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.
குடிக்க ஆகாது, குளிக்க ஆறவைக்க வேண்டும்,
டீ போடக்கூடக் காணாது.
இன்ஜினியர் நஞ்சுண்டா மட்டும்
செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் நின்று சிரித்தார்.
மின்வாரியக் கம்பி காட்டிலாகா எல்லையோடு
நின்றுபோன இடம் இது.

லாரியில் பெட்டி ஒன்று வந்தது.
அதற்குள் ஓடும் திரவம்
பெட்ரோல் மாதிரி மணக்கும்,
காய்ச்சல்காரன் நெற்றிச் சூட்டிலேயே கொதித்துவிடும்.
கொதித்து எழுந்து, சக்கரத்தைத் தள்ளி,
மறுபக்கம் குளிர்ந்து விழுந்து
மறுபடி கொதிக்கப் போகும்.
இருபத்திரண்டு கிலோவாட்.

"சூடு பெரிசில்லை சென்றாயா,
இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும்
இருக்கிற வித்தியாசம்தான் கரண்ட்" என்பார் நஞ்சுண்டா.
வித்தியாசம் எனக்குத் தெரியும்.
குடில் ஒரு ராத்திரிக்கு எட்டாயிரம்.
எனக்கு மாதத்துக்குப் பதினொன்று.

விருந்தாளி அம்மா ஒருவர் கேட்டார்,
பாக்கு நிறையப் போடுவீங்களோ என்று.
இல்லைங்க, எங்க ஊர் போர் தண்ணி என்றேன்.
ஏழு வயதில் பல்லில் ஏறிய பழுப்பு.
அதே பாறை இன்று அவர் தலைமுடியை உலர்த்துகிறது.
எடுத்த தண்ணீரைச் சொட்டு சிந்தாமல்
பக்கத்துக் குழியில் திருப்பி இறக்குகிறோம்.
இனி யார் பல்லிலும் ஏற வேண்டாம் அது.

மாசி வரை குறையில்லை.
குளிர்ப் பக்கத்துக்குக் காவிரி இருந்தது,
மேட்டூர் அணை தேக்கிய தண்ணீர்
குடில் படிக்கட்டை நக்கிக்கொண்டு.
சித்திரையில் அது எழுந்து போனது.
நூறடி, இருநூறடி, ஐந்நூறடி.
உறிஞ்சுகுழாய் வெடித்த சேற்றில் வாய்பிளந்து கிடந்தது.

மீட்டரில் சூடு அறுபத்தெட்டு. அசையவேயில்லை.
குளிர் முப்பத்தொன்பது.
சக்கரம் நின்றது.
ஏசியை விட்டு வெளியே வந்தவர்கள்
என்னைப் பார்த்தார்கள்.
பூமிக்குள் நெருப்பு இருக்கிறது என்று
வாசலில் போர்டு வைத்திருந்தோம்.
குளிர் வேண்டும் என்று யாரும் எழுதவில்லை.

தண்ணீர் விட்டுப்போன தரையில்
மாதம்மாள் வெள்ளரி போட்டிருந்தாள்.
ஆற்றைத் தொட வேண்டுமானால்
அவள் பாத்திக்கு நடுவேதான் குழாய் போகணும்.
பட்டா இருக்கா கேளு என்றார் முதலாளி, போனில்.
கேட்டேன்.
"ஆத்துக்கு இருக்கா பட்டா?"
களை பிடுங்கிய கை நிற்கவில்லை.

வரப்பு தாண்டும்போது பின்னாலிருந்து சொன்னாள்:
"பொழுது சாஞ்சா போடு. விடியறதுக்குள்ள சுருட்டு.
மிதிபட்ட கொடிக்கு அம்பது ரூபா."

ஆகவே பகலில் இப்போது விடுதிக்குக் கரண்ட் இல்லை.
எட்டாயிரம் ரூபாய்க்காரர்கள்
புங்கமரத்தடியில் ஈரத் துண்டோடு கிடக்கிறார்கள்.
ஒரு பையன் மட்டும் எறும்பைப் பார்த்துக்கொண்டு
சந்தோஷமாக இருக்கிறான்.

இருட்டியதும் மூன்று சுருள் ஹோஸைத் தோளில் ஏற்றி
பாத்திக்குப் பாத்தி கால் தேடி இறங்குகிறேன்.
விரலிடுக்கில் சேறு ஏறுகிறது, சில்லென்று.
நுனியை ஆற்றில் அமிழ்த்திவிட்டு நிற்கிறேன்.
மேலே பெட்டி ஒருமுறை இருமுகிறது.
முதலில் சமையற்கட்டு.
பிறகு ஏழாம் குடில்.

விடியலில் சுருட்டிவிட்டு ரெஜிஸ்டரில் எழுதினேன்:
சூடு அறுபத்தெட்டு. குளிர் இருபத்தாறு.
மிதிபட்ட கொடி இரண்டு.

டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வந்தவள்
மூன்று என்றாள்.