கார்பன் வெளியே போயிருக்கிறான்

நெல்பேட்டை மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால்
மாடியில் ஒற்றை அறை, வாடகை நாலாயிரத்து ஐந்நூறு.
அட்வான்ஸ் பேசும்போது பூனையைப் பற்றி
நான் வாய் திறக்கவில்லை.

மருந்துக்கடையில் பில் புத்தகக் கட்டுகளுக்கிடையே
கண் திறக்காமல் கிடந்தவன்.
இரண்டு தாளுக்கு நடுவில் வைத்தால்
எழுதுவதெல்லாம் அடியில் பதியும், அப்படிக் கறுப்பு.
கார்பன் என்று பேர் வைத்தேன்.

உள்ளேயே வைத்துக்கொண்டால் பதினைந்து வருசம் என்றார்
தல்லாகுளம் ஆஸ்பத்திரி டாக்டர்.
வெளியே விட்டால்,
கையை விரித்தார்.
விரித்த கையில் ஊசியின் மூடி இருந்தது.

எனக்கும் தெரியும்.
இவனுக்கு முன்னால் ஒருத்தி, செவலை.
கீழவெளி வீதி, ஷேர் ஆட்டோ.
அரிசிச் சாக்கில் அள்ளி வந்தேன்.
சாக்கில் 'நயம் பொன்னி' என்று அச்சடித்திருந்தது.
இன்றுவரை நான் அந்த அரிசி வாங்குவதில்லை.

அதனால் ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தேன்.
கதவிடுக்கில் பழைய சேலையைத் திணித்தேன்.
பத்தொன்பது நாள்.
வலையில் மூக்கை வைத்து
கீழே நெத்திலி கழுவிய தண்ணீர் ஓடுவதை
பரீட்சைக்குப் படிப்பவன்போலப் பார்த்தான்.
பிறகு தன் வால் மயிரைத் தானே
பிய்த்துத் தின்ன ஆரம்பித்தான்.

இருபதாம் நாள் சேலையை உருவினேன்.
கருணை என்று சொல்ல மாட்டேன்.
ராத்திரி முழுக்கக் கத்தினான்,
எனக்குக் காலை ஏழு மணி ஷிஃப்ட்.

வெளியே போனவன் வால் முளைத்து வந்தான்.
கெளுத்தித் தலை, பாதி பல்லி கொண்டு வந்தான்.
ஒருநாள் தையல்சிட்டு ஒன்று,
என் கட்டைவிரல் அளவு நெஞ்சு, இன்னும் சூடாக.
பழைய ரசீதில் சுற்றிப் புதைத்தேன்.
அவன் சந்தோஷக் கணக்கில்
அது வேறொருவர் செலவு.

கறுப்புப் பூனை குறுக்கே போனால்
பைக்கை நிறுத்தி, எச்சில் துப்பிவிட்டுக் கிளம்புகிற தெரு.
கல்லடி பட்டு நெற்றி வீங்கி வந்தான் ஒருமுறை.
எறிந்த ஆள் அன்றைக்குக் கிளம்பிய காரியம்
உருப்படக்கூடாது என்று நினைத்தேன்.
உருப்பட்டிருக்கும்.

ஐப்பசி மழையில் மூன்று ராத்திரி வரவில்லை.
போனில் படத்தை வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறினேன்.

"நம்ம மாப்ளயா? வஞ்சிரம் குடுத்தாலும் தொடமாட்டான்,
சங்கரா மட்டும்தான்" என்றார்
மீன் வெட்டும் சகுபர் அலி.

"ராக்காயியா! உங்களுதா? நான் பொட்டைன்னுல்ல நெனச்சேன்"
மாவுக்கடை சிட்டம்மா, வாயைப் பொத்திக்கொண்டு.
"தராசுல படுத்துக் கெடக்கும்.
மூணே முக்கா கிலோ. போன மாசம் நாலு."

டெய்லர் துவாரகாநாத் பேரெல்லாம் வைக்கவில்லை.
"பெடல் மேல படுத்தா தைக்கிறத நிறுத்திருவேன்,
எந்திரிச்சா தைப்பேன்" என்றார்.
பிறகு, உங்க பேரு என்னம்மா?
ஐந்து வருசத்தில் இந்தத் தெருவில்
அதைக் கேட்ட முதல் ஆள்.

நாலாம் நாள் விடியலில் வந்தான்.
இடது காதில் பாதி இல்லை.
மேலெல்லாம் மண்ணெண்ணெய் வாடை.
எங்கே இருந்தான், யார் கடித்தது,
யார் மருந்துபோல எதையோ ஊற்றியது,
நகல் எதுவும் என்னிடம் இல்லை.

தையல் போட்டுவிட்டு டாக்டர் கேட்டார்,
இனியாவது?
நான் பில்லில் கூட்டல் சரிதானா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொசுவலையின் கீழ் மூலையை
அவன் தோள் அகலத்துக்கு வெட்டினேன்.
கம்பி கீறாமல் ஓரத்துக்குக் கறுப்புத் துணி மடித்து,
ஒரு சின்னத் திரையும் வைத்துத் தைத்துக் கொடுத்தார் துவாரகாநாத்.
காசு வாங்கவில்லை.
கொசு வருகிறது. வரட்டும்.

இப்போது மணி இரண்டு பத்து.
கீழவெளி வீதியில் ஒரு பிரேக் சத்தம்.
பிறகு ஒன்றுமில்லை.
பிறகு ஒரு நாய்.
திரையின் ஓரம் ஆடுகிறது.

காற்றுதான்.