இடப்பக்க முடிச்சு

இருபத்திரண்டு கிணற்றிலும் நனைந்த வேட்டி
காரின் பின்பெட்டியில் சொட்டிக்கொண்டிருந்தது.
திருச்செந்தூர் போகிற வழி.
கீழக்கரையில் வண்டியை ஓரங்கட்டியதும்
வளர்மதி தொதல் வாங்கப் போனாள்.
நான் அரைக்கால் சட்டையோடு
கல்பள்ளி பார்க்கப் போனேன்.

செருப்பு விட டோக்கன் இல்லை.
எந்த ஊர், என்ன ஆட்கள் என்று யாரும் கேட்கவுமில்லை.
மோதினார் சேகு நூர்தீன்
என் முழங்காலை மட்டும் ஒரு தரம் பார்த்தார்,
கொடியிலிருந்து ஒரு கைலியை உருவி நீட்டினார்.

நீலக் கட்டம். மூட்டியது.
அறுபதாம் நம்பர் நூல், எங்கள் பக்கத்துத் தறி;
ஓரத்தைப் பார்த்தாலே சொல்லிவிடுவேன்.
பதினெட்டு வருடமாக லோடு லோடாக அனுப்புகிறேன்.
கட்டத் தெரியாது.
எனக்கு ஒட்டும் பட்டை வைத்த வேட்டிதான்.
"நீங்க வலப்பக்கம் சொருகுவீங்க, நாங்க இடப்பக்கம்," என்றார்.
"எந்தப் பக்கமோ, அவுந்து விழாம இருந்தாச் சரி."

அவிழத்தான் பார்த்தது.
இடது கையால் இடுப்பைப் பிடித்தபடியே உள்ளே நடந்தேன்.
செல்போன் பையிலேயே கிடந்தது.

கால்தான் முதலில் ஏமாந்தது.
வெயில் ஏறாத கருங்கல்;
பவானிக் கோயில் என்று நினைத்து
தானாக வலம் வரத் திரும்பியது.
பிறகு கண்.
தூணுக்குத் தூண் குனிந்து தேடியது
ஒரு யாளியை, விளக்கேந்திய ஒருத்தியை,
தும்பிக்கையில் விரல் பட்டுப் பட்டு
வழுவழுத்த ஒரு பிள்ளையாரை.
வாழைப்பூப் போதிகை உண்டு. கொடி உண்டு.
தாமரை உண்டு, இதழ் இதழாக.
மேலே யாரும் உட்காரவில்லை.

வலது கை பழக்கத்தில் தூணைத் தொட்டு
கண்ணுக்குப் போகக் கிளம்பியது.
பாதியில் மறித்துத் தலையைச் சொறிந்துகொண்டேன்.
"தொடலாம்," என்றது பின்னாலிருந்து குரல். "கல்லுதானே."

மேற்குச் சுவரில் ஒரு மாடம். காலி.
எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, கற்பூரக் கரி இல்லை.
அத்தனை பெரிய கூடத்தில்
நான் நின்ற இடத்துக்கு நேர்மேல் இருந்த
மின்விசிறியை மட்டும் போட்டுவிட்டார்.

ஹவுஸில் ஒற்றைக் கையைக் கழுவும்போதுதான் பார்த்தேன்,
நகக்கண்ணில் ஒரு எள்.
காலையில் பிண்டத்தோடு கரைத்ததில் தப்பியது.
தடுப்பதற்குள் நழுவி நீரில் இறங்க,
விரல்கடை அளவு மீன் ஒன்று வந்து
விழுங்கிவிட்டுப் போயிற்று.
வெலவெலத்து நிமிர்ந்தேன்.
பார்த்திருக்கிறார்.
"யாருக்கு?"
"அப்பாவுக்கு."
"பேரு?"
"சென்னியப்பன்."

விடிகாலை அக்னி தீர்த்தத்தில்
ஐம்பது பேருக்கு ஒரே மூச்சில் ஓதியவர்
மூன்று முறையும் அதைச் சென்னப்பன் ஆக்கினார்.
அலைச் சத்தம். நானும் திருத்தவில்லை.
இவர் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார்,
'னி'யை விழுங்காமல்,
"சென்னியப்பன்."
கல்மண்டபம் அதைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தது.
வேறொன்றும் சொல்லவில்லை.
அஸருக்கு நேரமாயிற்று, பாய் விரிக்கப் போனார்.
கைலியை மடித்துக் கொடியில் போட்டேன்.
மடிக்க நன்றாகவே வரும் எனக்கு.

சாயல்குடி தாண்டி ஒரு டீக்கடையில்
வளர்மதி ஓலைப்பெட்டியைப் பிரித்தாள்.
"படம் எடுத்தீங்ளா, காட்டுங்க."
"எடுக்கல."
"உள்ள அப்படி என்னதானுங்க இருந்துச்சு?"
தொதல் பல்லில் ஒட்டிக்கொண்டது,
நல்லதாகப் போயிற்று.
அவள்தான் கவனித்தாள்
என் இடது கை
இன்னும் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருப்பதை.